827 பெசோவும் ஒரு பதக்கமும்

1844 ஏப்ரல். டொமினிக்கன் குடியரசு பிறந்து இரண்டு மாதம்கூட நிறையவில்லை. சாந்தோ தொமிங்கோவில் இயங்கிய இடைக்கால ஆட்சிக்குழுவிடம் 31 வயது இளைஞர் ஒருவர் கணக்குத் தாள் ஒன்றை ஒப்படைக்கிறார். போர்முனைக்குப் போகும்போது படைச் செலவுக்காக அவர் கையில் கொடுத்தது 1,000 பெசோ. செலவானது 173 பெசோ. மீதி 827 பெசோவைத் திருப்பிக் கட்டிவிட்டார். எதற்கு எவ்வளவு என்ற விவரம் வரிவரியாக அந்தத் தாளில் இருந்தது.

போர்க்காலத்தில் அவரிடம் யாரும் கணக்குக் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த இளைஞர் ஹுவான் பாப்லோ துவார்த்தே. அடுத்த சில மாதங்களில் அவர் சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்டார். இன்று அந்நாட்டின் தலையாய விருது அவர் பெயரையும் அவருடைய தோழர்கள் இருவரின் பெயரையும் தாங்கியிருக்கிறது: துவார்த்தே, சான்செஸ், மேயா தகுதி விருது. குடியரசுத் தலைவரின் ஆணையால் வழங்கப்படுவது. வெளிநாட்டுத் தலைவர்கள், தூதர்கள், கலைஞர்கள், ஆடை வடிவமைப்பாளர் ஆஸ்கர் தெ லா ரெந்தா போல வெளிநாட்டில் பெயர் பெற்ற சொந்த நாட்டவர்கள் என்று பலதரப்பட்டோர் பெற்றிருக்கிறார்கள்.

விடுதலை வீரரின் பெயரில் தேசிய விருது நிறுவும் வழக்கம் உலகெங்கும் உண்டு. வெனிசுலாவில் பொலிவார், அர்ஜென்டினாவில் சான் மார்ட்டின், சிலியில் ஓ'ஹிக்கின்ஸ், கியூபாவில் ஹொசே மார்த்தி, வியட்நாமில் ஹோ சி மின், மொசாம்பிக்கில் எதுவார்தோ மொண்ட்லேன், கினி-பிசாவ்விலும் கேப் வெர்டேயிலும் அமில்கர் கப்ரால். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? வீரரின் பெயரைக் கொண்டு நாடு என்ன செய்கிறது? வீரருக்கு அதில் என்ன மிச்சம்? டொமினிக்கன் விருதை நடுவில் வைத்து இக்கேள்விகளைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூவர்

கரீபியக் கடலில் ஹிஸ்பானியோலா என்றொரு தீவு. மேற்கே ஹெய்ட்டி, கிழக்கே டொமினிக்கன் குடியரசு. 1822 முதல் தீவு முழுவதும் ஹெய்ட்டியின் ஆட்சியில் இருந்தது. அந்த ஆட்சி கிழக்குப் பகுதியில் அடிமை முறையை ஒழித்தது. அதே சமயம், ஸ்பானிய மொழி பேசிய மக்களுக்கு அது அயலார் ஆட்சியாகவும் இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பின்னால் வருவது விளங்கும்.

1838 ஜூலை 16 அன்று துவார்த்தே 'லா திரினித்தாரியா' என்ற இரகசியச் சங்கத்தைத் தொடங்கினார். மூன்று மூன்று பேராகச் சேரும் அமைப்பு. ஒரு குழு பிடிபட்டாலும் மற்றவை தப்பும். கருத்தைப் பரப்ப நாடகம் போட்டார்கள். 1844 பிப்ரவரி 27 இரவு எழுச்சி வெடித்தபோது துவார்த்தே நாட்டில் இல்லை, தலைமறைவாக வெளியேறியிருந்தார். மத்தியாஸ் ரமோன் மேயா துப்பாக்கியால் வானை நோக்கிச் சுட்டதுதான் தொடக்கக் குறி. பிரான்சிஸ்கோ தெல் ரொசாரியோ சான்செஸ் கோட்டை வாயிலில் புதிய கொடியை ஏற்றினார்.

இதற்குப் பிறகு நடந்தவை பாடப்புத்தகங்கள் வேகமாகக் கடந்துபோகிற பக்கங்கள். பண்ணையாரும் படைத்தலைவருமான பெத்ரோ சந்தானா ஆட்சியைக் கைப்பற்றி மூவரையும் நாடு கடத்தினார். கொடி தைத்த பெண்களில் ஒருவர் மரியா திரினிதாத் சான்செஸ், சான்செஸின் அத்தை. சந்தானாவுக்கு எதிராகச் சதி செய்தார் என்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நாள் 1845 பிப்ரவரி 27, விடுதலையின் முதலாம் ஆண்டு நிறைவு நாள்.

1861இல் சந்தானா நாட்டையே மீண்டும் ஸ்பெயினிடம் ஒப்படைத்தார். அதற்கு ஸ்பெயின் அரசி கொடுத்த வெகுமதி 'லாஸ் கர்ரேராஸ் மார்க்கீஸ்' என்ற பிரபுப் பட்டம். நாட்டை ஒப்படைத்ததை எதிர்த்துப் படையோடு வந்த சான்செஸ் பிடிபட்டு அதே ஆண்டு ஜூலை 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். மேயா, ஸ்பெயினை விரட்டும் போரின் நடுவே 1864 ஜூனில் நோயில் இறந்தார். துவார்த்தே வெனிசுலாவில் ஏறக்குறைய மறக்கப்பட்ட மனிதராக வாழ்ந்து 1876 ஜூலை 15 அன்று கராகஸில் வறுமையில் கண்மூடினார். எட்டு ஆண்டு கழித்துத்தான் அவருடைய எலும்புகள் ஊர் திரும்பின.

நாட்டைக் கொடுத்தவருக்குப் பட்டம் கிடைத்தது. நாட்டைப் பெற்றுத் தந்தவர்களுக்குத் துப்பாக்கிக் குண்டும் நாடுகடத்தலும். விருது என்ற சொல்லோடு இந்நாட்டுக்கு ஏற்பட்ட முதல் பழக்கம் இதுதான்.

பதக்கம் பிறந்த வீடு

துவார்த்தேயின் பெயரில் விருதை நிறுவியது யார் என்று தேடினால் கிடைக்கும் பெயர் ரஃபாயெல் ட்ருஹியோ. 1930இல் ஆட்சிக்கு வந்து, 1961 மே 30 இரவு சாலையில் சுட்டுக் கொல்லப்படும்வரை நாட்டைப் பிடியில் வைத்திருந்த சர்வாதிகாரி. ஆட்சிக்கு வந்த மறு ஆண்டே, 1931இல், 'ஹுவான் பாப்லோ துவார்த்தே தகுதி விருது' பிறந்தது. 1954இல் அதனோடு சான்செஸும் மேயாவும் சேர்ந்தார்கள்.

சர்வாதிகாரிக்கு விடுதலை வீரர் எதற்கு? ட்ருஹியோ அடுத்தடுத்துச் செய்தவற்றை வரிசைப்படுத்தினால் விடை கிடைத்துவிடும். 1936இல் தலைநகரின் பெயரையே 'ட்ருஹியோ நகர்' என்று மாற்றினார். கரீபியத் தீவுகளிலேயே உயரமான மலைமுடிக்கு 'ட்ருஹியோ சிகரம்' என்று பெயர் வந்தது. 1937இல் எல்லைப் பகுதியில் ஆயிரக்கணக்கான ஹெய்ட்டியர்களை அவருடைய படை வெட்டிக் கொன்றது. பிறகு தன் பெயரிலேயே ஒரு விருதையும் ஏற்படுத்திக்கொண்டார். துவார்த்தே முதல் படி. அந்தப் படியில் ஏறி நின்றுதான் ட்ருஹியோ தனக்குப் பீடம் கட்டிக்கொண்டார்.

துவார்த்தேயிடமிருந்து அவருக்குத் தேவைப்பட்டது இன்னொன்று. ஹெய்ட்டியிடமிருந்து விடுதலை பெற்றுத் தந்தவர் என்ற பெயரை, ஹெய்ட்டியர் மீதான வெறுப்புக்கு உரமாக்க முடிந்தது. அயலார் ஆட்சி வேண்டாம் என்றவரை அயலாரே வேண்டாம் என்றவராகத் திரித்துவிடலாம். இறந்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை.

ட்ருஹியோ போனபின் நகரம் பழைய பெயருக்குத் திரும்பியது. மலைமுடி இன்று துவார்த்தே சிகரம். ட்ருஹியோ பெயரிலான விருது ஒழிந்தது. துவார்த்தே விருது மட்டும் நிலைத்தது. சர்வாதிகாரி செய்துவைத்த பாத்திரத்தை மக்களாட்சி கழுவிப் பயன்படுத்திக்கொண்டது என்று சொல்லலாம். எவ்வளவு கழுவினார்கள் என்பதுதான் கேள்வி. மூவரின் எச்சங்கள் இன்று தலைநகரில் 'தாயகப் பீடம்' என்ற நினைவகத்தில் ஒன்றாக இருக்கின்றன. சற்றுத் தொலைவில் தேசிய மாவீரர் மண்டபம். 1978இல் அங்கே கொண்டுபோய் வைக்கப்பட்ட எச்சங்களுள் ஒன்று சந்தானாவுடையது.

குடியரசுகளுக்குப் பதக்கம் பிடித்தது எப்படி

ஐரோப்பாவில் இத்தகைய விருது முதலில் ஒரு சங்கம். அரசன் தலைமையில் வீரர்கள் கூடும் குழு. அதில் சேர்ந்ததற்கு அடையாளமாகத்தான் பதக்கம். பிரெஞ்சுப் புரட்சி மன்னரோடு சேர்த்து இதையும் ஒழித்தது. 1802இல் நெப்போலியன் 'லெஜியன் ஆஃப் ஹானர்' என்ற பெயரில் இதை மீட்டுக் கொண்டுவந்தார்; பிறப்பைப் பார்க்காமல் தகுதியைப் பார்த்துக் கொடுப்பது என்றார். இன்று உலகின் பெரும்பாலான தேசிய விருதுகளில் காணும் மாவீரர், தளபதி, அதிகாரி என்ற படிநிலை அந்த அச்சில் வார்த்ததே.

தென் அமெரிக்க விடுதலை வீரர்கள் நெப்போலியனின் காலத்தவர்கள். சிலியில் 1817இல் ஓ'ஹிக்கின்ஸ் பிரபுப் பட்டங்களை ஒழித்தார். அதே ஆண்டு 'தகுதிப் படை' என்றொரு விருதை ஏற்படுத்தினார். பெருவில் 1821இல் சான் மார்ட்டின் 'சூரிய விருது' தொடங்கினார். பின்னாளில் பொலிவாரின் துணைவியாகப் புகழ்பெற்ற மனுவேலா சாயென்ஸ் அதைப் பெற்றவர்களுள் ஒருவர். புதிய குடியரசுகளின் மன்றங்களுக்கு இது உறுத்தியது. எல்லோரும் சமம் என்று சொல்லிவிட்டு நெஞ்சில் சூரியனைக் குத்திக்கொண்டு திரிவதா என்று கேட்டார்கள். 1825இல் சிலியும் பெருவும் இவ்விரு விருதுகளையும் ஒழித்தன.

நூறாண்டுகளில் காற்று திரும்பியது. 1921இல் பெரு சூரிய விருதை உயிர்ப்பித்தது. 1943இல் அர்ஜென்டினாவின் இராணுவ ஆட்சி சான் மார்ட்டின் பெயரில் விருது நிறுவியது. 1956இல் சிலி வெளிநாட்டவர்களுக்காக ஓ'ஹிக்கின்ஸ் விருதைத் தொடங்கியது. பிரபுப் பட்டங்களை ஒழித்தவரின் பெயரில் மாவீரர் பட்டம்.

இந்தப் பெயர்களுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. சான் மார்ட்டின் இறந்தது பிரான்சில். ஓ'ஹிக்கின்ஸ் இறந்தது லிமாவில். துவார்த்தே கராகஸில். பொலிவார் நாட்டை விட்டு வெளியேறும் வழியில், சாந்தா மார்த்தாவில். உயிரோடு இருந்தபோது வைத்துக்கொள்ள முடியாதவர்களைத்தான் நாடுகள் பதக்கமாக்கி நெஞ்சில் மாட்டிக்கொண்டன. உயிருள்ள வீரர் ஆட்சியாளருக்குப் போட்டி. இறந்த வீரர் ஆட்சியாளருக்குச் சாட்சி.

பொலிவாரும் பூஜ்யங்களும்

இதன் உச்சம் வெனிசுலா. 1830இல் பொலிவார் நாட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்ற நிலையில் இருந்த அதே வெனிசுலா, 1842இல் அவர் எலும்புகளை வரவழைத்தது. 1854இல் அவர் உருவம் பொறித்த பதக்கத்தை அரச விருதாக்கியது. 1870களில் குஸ்மான் பிளாங்கோ ஆட்சிக்கு வந்தார். பொலிவாரின் எச்சங்களைத் தேசிய மண்டபத்துக்கு மாற்றினார், தலைநகர்ச் சதுக்கத்தில் சிலை வைத்தார், பணத்துக்கே பொலிவார் என்று பெயரிட்டார், விருதையும் பல படிநிலைகளாக விரித்தார். கூடவே தன் சிலைகளையும் நட்டுக்கொண்டார். 1889இல் மக்கள் அவற்றைக் கவிழ்த்தார்கள். ட்ருஹியோவுக்கு வழிகாட்டி அக்கம்பக்கத்திலேயே இருந்திருக்கிறார்.

பொலிவார் வாழ்நாளில் பரிசு மழையில் நனைந்தவர். 1825இல் பெரு மன்றம் அவருக்குப் பத்து இலட்சம் பெசோ கொடுக்க முன்வந்தது, மறுத்தார். பொற்கிரீடம் ஒன்று வந்தபோது அதைத் தளபதி சுக்ரேயிடம் கொடுத்துவிட்டார். ஒன்றை மட்டும் விரும்பி அணிந்தார். ஜார்ஜ் வாஷிங்டனின் குடும்பத்தார், பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் வழியாக அனுப்பிய சிறு பதக்கம் அது. உள்ளே வாஷிங்டனின் ஓவியம். அதன்பின் வரையப்பட்ட பொலிவார் படங்கள் பலவற்றில் அவர் கழுத்திலிருந்து தொங்குவது அதுதான். அரசு கொடுத்ததில்லை அது. வேறொரு நாட்டின் விடுதலை வீரருடைய வீட்டார் கொடுத்தது.

அவர் பெயரிலான பதக்கம் போன இடங்கள் வேறு. வெனிசுலா அதிபர் சாவேஸின் ஆட்சியில் ஈரானின் அகமதிநெஜாத், லிபியாவின் கடாஃபி, சிரியாவின் பஷார் அல் அசாத் ஆகியோருக்கு அது சூட்டப்பட்டது. நாற்பதாண்டுகளுக்கு மேல் நாட்டை விடாமல் ஆண்ட கடாஃபிக்கு 'விடுதலையாளர்' விருது! இதைச் சொல்லிச் சிரிக்கும் முன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1954இல் வெனிசுலாவின் சர்வாதிகாரி பெரெஸ் ஹிமெனெஸுக்கு அமெரிக்கா 'லெஜியன் ஆஃப் மெரிட்' கொடுத்தது. அன்று எண்ணெய், பின்னர் எண்ணெயோடு அமெரிக்க எதிர்ப்பு. பதக்கப் பட்டியல் என்பது வெளியுறவுத் துறையின் வரவு செலவுப் பேரேடு. பெறுபவரின் தகுதியைவிடக் கொடுப்பவரின் தேவையே அதில் பதிவாகிறது.

2010இல் வெனிசுலா அந்த விருதை நீக்கி, ஆண் பெண் விடுதலை வீரர்கள் அனைவரையும் குறிக்கும் புதிய விருதைக் கொண்டுவந்தது. பெயர் மாறியது. வழங்கும் கை மாறவில்லை.

இன்னொரு பாடத்தையும் வெனிசுலாவே தந்தது. பொலிவார் பெயரிலான பணத்திலிருந்து 2008இல் மூன்று பூஜ்யங்களை வெட்டினார்கள், 2018இல் ஐந்து, 2021இல் ஆறு. பதின்மூன்று ஆண்டுகளில் பதினான்கு பூஜ்யங்கள். நோட்டை அளவில்லாமல் அச்சிட்டால் அதன் மதிப்பு போகும், அதில் யார் முகம் இருந்தாலும். பதக்கமும் அப்படித்தான். ஒரு வேறுபாடு: பணவீக்கம் சந்தையில் மறுநாளே தெரியும், பதக்க வீக்கம் தெரியப் பல ஆண்டுகள் ஆகும்.

மறுத்தவர்கள்

இதற்கு நேர்மாறான மரபும் உண்டு. வியட்நாமில் 'பொன் நட்சத்திர விருது' என்பதே முதல் நிலை விருது. 1963இல் தேசிய மன்றம் அதை ஹோ சி மின்னுக்குக் கொடுக்க முடிவு செய்தபோது, தெற்கும் விடுதலை பெறட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். சோவியத் ஒன்றியம் தர விரும்பிய லெனின் விருதையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. 1969இல் இறந்தார், தெற்கு அவர் காலத்தில் விடுதலை பெறவில்லை. விருது அவருக்குக் கடைசிவரை வராமலே போனது.

இந்தியாவின் விடுதலைப் போராட்டமே பட்டம் துறத்தலோடு பின்னியது. 1919இல் தாகூர் 'சர்' பட்டத்தைத் துறந்தார். 1920இல் காந்தி கெய்சர்-இ-ஹிந்த் பதக்கத்தைத் திருப்பி அனுப்பினார். இவர்களுக்கு முன்பே நம் ஊரில் அதைச் செய்தவர் ஒருவர் உண்டு. அன்னி பெசன்ட் சிறை வைக்கப்பட்டபோது சென்னையின் முன்னாள் நீதிபதி எஸ். சுப்பிரமணிய அய்யர் 1917இல் அமெரிக்கத் தலைவர் வில்சனுக்குக் கடிதம் எழுதினார். அதற்காக லண்டனிலிருந்து கண்டனம் வந்ததும் 'சர்', 'திவான் பகதூர்' இரண்டையும் வேண்டாமென்று உதறினார்.

ராவ் பகதூர்களையும் திவான் பகதூர்களையும் பார்த்துச் சலித்த தலைமுறைதான் அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவை எழுதியது: இராணுவ, கல்வித் தகுதிகள் தவிர அரசு பட்டம் எதையும் வழங்கலாகாது. 1954இல் பாரத ரத்னா தொடங்கியபோது அதற்கு எந்த வீரரின் பெயரையும் வைக்கவில்லை. காந்தி பெயரில் 1995இல் உலக அமைதிப் பரிசு வந்தது. நாட்டின் முதல்நிலை விருதுக்கு அவர் பெயர் இல்லை. 1977இல் ஜனதா ஆட்சி இந்த விருதுகளை நிறுத்தியது. 1980இல் அவை திரும்பின. 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இவை பட்டங்கள் அல்ல, ஆனால் பெயருக்கு முன்னோ பின்னோ போட்டுக்கொள்ளக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நம் திருமண அழைப்பிதழ்களுக்கும் திரைப்பட எழுத்தோட்டங்களுக்கும் அந்தத் தீர்ப்பு இன்னும் போய்ச் சேரவில்லை.

வேண்டுமா, வேண்டாமா

விருதே வேண்டாம் என்போரின் வாதம் வலுவானது: சமத்துவத்தைக் கெடுக்கிறது, ஆட்சியாளருக்குத் துதிபாடிகளை வளர்க்கிறது, வீரரின் பெயரைக் கடன் வாங்கிச் செலவழிக்கிறது. ஆனால் ஒழித்தவர்கள் எல்லோரும் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது 1825க்கும் 1977க்கும் பிறகு நடந்தவற்றிலிருந்து தெரிகிறது. சிறிய நாடு ஒன்று உலகுக்குத் தன்னை அறிமுகப்படுத்தப் பணம் செலவழிக்க முடியாது. ஒரு நாடா, ஒரு பதக்கம், ஒரு பெயர் போதும். துவார்த்தே யார் என்று எந்த நாட்டுத் தூதரும் அதைப் பெறும் நாளிலாவது கேட்டுத் தெரிந்துகொள்வார். ஆசிரியரோ செவிலியரோ ஒருவர் அரசு மேடையில் நிற்பதில் பொய் ஒன்றும் இல்லை. மனிதர்களுக்கு நன்றி சொல்ல ஒரு வடிவம் வேண்டியிருக்கிறது.

ஆகவே, கொடுக்கலாமா என்பதைவிட எப்படிக் கொடுப்பது என்பதே முக்கியம். இதில் தென்னாப்பிரிக்கா கவனிக்கத்தக்கது. அங்கும் ஆல்பர்ட் லுத்துலி, ஆலிவர் டாம்போ பெயர்களில் விருதுகள் உண்டு. பொதுமக்கள் யாரையும் பரிந்துரைக்கலாம். ஆலோசனைக் குழு ஒன்று பார்க்கிறது. ஒவ்வொருவருக்கும் எதற்காக இந்த விருது என்ற குறிப்பு வெளியிடப்படுகிறது. தவறான ஆளுக்குப் போய்விட்டால் அந்தக் குறிப்பே பின்னாளில் அரசைக் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் அது பயனுள்ளது.

வீரர் பெயரிலான எந்த விருதையும் மூன்று கேள்விகளால் எடை போடலாம். யார் பரிந்துரைத்தார்கள் என்பது வெளியே தெரியுமா? எதற்காக என்று எழுத்தில் இருக்கிறதா? தவறு நேர்ந்தால் திரும்பப் பெற வழி உண்டா? மூன்றுக்கும் இல்லை என்பது விடையானால், அந்தப் பதக்கத்தில் இருப்பது வீரரின் முகம், பின்னால் இருப்பது ஆட்சியாளரின் கை.

மரியா திரினிதாத் சான்செஸின் பெயர் இந்த விருதில் இல்லை. ஒரு மாகாணத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. கொடியைத் தைத்து, அதே நாளில் ஓர் ஆண்டு கழித்துக் கொல்லப்பட்டவரை விட்டுவிட்டு மூவர் என்று எண்ணிக்கையை முடித்தது 1894இல் நாட்டை ஆண்ட இன்னொரு சர்வாதிகாரி உலிசெஸ் ஹூரோ. யார் வீரர் என்று முடிவு செய்யும் உரிமையும் பெரும்பாலும் சர்வாதிகாரிகளிடமே இருந்திருக்கிறது.

துவார்த்தே விட்டுச் சென்ற சொத்து என்று எதுவும் இல்லை. கணக்குத் தாள் ஒன்று இருக்கிறது: வரவு 1,000, செலவு 173, இருப்பு 827. அவர் பெயரில் பதக்கம் வழங்கும் ஒவ்வொரு அரசும் அதைப் போல ஒரு தாளை மக்கள் முன் வைக்கட்டும். யாருக்குக் கொடுத்தோம், ஏன் கொடுத்தோம் என்று. அது இல்லாமல் கொடுக்கும் பதக்கம் பொன்னால் ஆனதானாலும், துவார்த்தே அதைச் செலவுக் கணக்கில்தான் எழுதியிருப்பார்.